வளைவில் இரண்டு முறை

ஏப்ரல் 21

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அத்தானும் சுகம். அந்த மலைக்குளிரில் உன் நெஞ்சுச்சளி எப்படி இருக்கிறது என்பதை முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு.

சட்டசபைக் கூட்டத்தொடர் முடிந்து தொகுதிக்கு வந்து நான்கு நாளாகிறது. இங்கே என்ன வெயில் என்கிறாய்! பிற்பகல் மூன்று மணிக்கு என் அலுவலக ஜன்னல் வழியே பார்த்தால் தெரு முழுக்கத் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல ஆடுகிறது. மருந்துக்கடையும் தபால்பெட்டியும் நிறுத்தி வைத்த சைக்கிள்களும் மெல்ல நெளிகின்றன. மனு கொடுக்க வருகிறவர்கள்கூட நீந்தித்தான் வருகிறார்கள் என்று தோன்றும். திங்கள்தோறும் மனு நாள். நேற்று எழுபத்திரண்டு வந்தன. பாதிக்கு மேல் குடிநீர். ஒருவர் மட்டும், பக்கத்து வீட்டுச் சேவல் நேரங்கெட்ட நேரத்தில் கூவுகிறது, அரசு தலையிட வேண்டும் என்று எழுதியிருந்தார். என் எழுத்தர் அதற்கும் ஒரு எண் போட்டு, ‘கால்நடைத் துறைக்கு’ என்று குத்திவிட்டார். கையில் அகப்பட்டதையெல்லாம் குத்துவதால் அவருக்கு ஊரில் முத்திரை என்றுதான் பெயர்.

அத்தான் மொட்டைமாடியில் தக்காளி வளர்க்கிறார். இதுவரை காய்த்தவை இரண்டு. இரண்டையும் அணில் தின்றுவிட்டது. நான் மாடிக்கு ஏறுவதில்லை. முழங்கால் வலி.

ரயில் பாதைக்கு மேலே கட்டும் நடைமேம்பாலம் முடியப்போகிறது. கோடை முடிவதற்குள் திறந்துவிடலாம் என்கிறார் பொறியாளர். திறப்பு விழாவுக்கு நீ வர வேண்டும். உன்னைப் பார்த்து மூன்று வருஷமாகிறது.

உன் பதிலைப் பார்த்தபடி,
அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

சளி குறைந்துவிட்டது. இருமல் மட்டும் போக மனமில்லாமல் இருக்கிறது. உன் முழங்காலுக்கு மருத்துவரைப் பார்த்தாயா? அத்தானுக்கு என் அன்பு. அணிலுக்கும்.

இங்கே எல்லாம் பழையபடிதான். காலையில் நீரேற்று நிலையத்தின் கதவைத் திறந்தால் எதிரே ஏரி இருக்காது. மூடுபனிதான் இருக்கும். பம்பைப் போட்ட பிறகு எங்கிருந்தோ தண்ணீர் சத்தம் கேட்கும். பத்து மணிவாக்கில் பனி விலகி, ஏரி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் இன்னும் எஞ்சினுக்குள்தான் இருக்கிறேன், வண்டி மேகத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அப்படி இல்லை. ரயிலை நிறுத்தியாகிவிட்டது. தண்ணீரை மட்டும் ஓட்டுகிறேன்.

வாரம் ஒரு தடவை ஜீப் வருகிறது. தபால் அதில்தான். போன் செய்யட்டுமா என்று முன்பொரு தடவை கேட்டிருந்தாய். வேண்டாம் அக்கா. எங்கே மணி அடித்தாலும் உடம்பு இன்னும் தூக்கிப் போடுகிறது.

பாலம் நல்லபடியாக முடியட்டும். லீவு கிடைப்பது கஷ்டம்.

தம்பி


மே 11

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அந்த ஏரியை எனக்கும் ஒருநாள் காட்டு. இருமலுக்குச் சுடுநீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. எளிய வைத்தியம் என்று அலட்சியம் பண்ணாதே.

இந்த வாரம் என் வேலையைக் கேள். தண்ணீர் லாரி வராத ஏழு தெருக்கள். அரசு மருத்துவமனையில் சுற்றாத பதினோரு மின்விசிறிகள். நூலகத்தில் பிள்ளைகளுக்கு விடுமுறை வாசிப்பு முகாம். அங்கே ஒரு பெண்குழந்தை என்னிடம், “நீங்க என்ன வேலை பாக்குறீங்க?” என்று கேட்டாள். “எல்லாரும் சொல்றதைக் கேட்டுக்குவேன்” என்றேன். “அதுக்குச் சம்பளம் குடுக்குறாங்களா?” என்றாள். முத்திரை சிரித்த சிரிப்பில் நூலகரே அதட்டிவிட்டார்.

அலுவலகத்து ஜன்னல்களுக்குத் திரைச்சீலை போட்டிருக்கிறோம். தைத்துக் கொடுத்த அம்மா அடிக்கடி வந்து உட்கார்ந்து போகிறார். சாயங்காலக் காற்றில் நீலத் திரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் உப்பும்போது கட்டடமே கப்பலாகிப் பாய் விரித்துப் புறப்பட்டுவிடும்போல இருக்கும். யாராவது மனு படித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அவர்கள் குரல் தூரத்தில் கேட்கும். மூன்று வருஷமாகவே நான் இப்படி அரைத் தூக்கத்தில் நடமாடுகிறேனோ என்னவோ.

லீவுக்கு எழுதிப் போட்டாயா? எழுதிப் போடு.

அக்கா


மே 19

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

ஜீப்பில் வந்த பம்பு உதிரிப் பொட்டலத்தை ஒரு செய்தித்தாளில் சுற்றியிருந்தார்கள். பிரித்தால் உன் படம். பாலம் கட்டும் இடத்தில் தலையில் மஞ்சள் தொப்பியோடு நிற்கிறாய். உன் பக்கத்தில் ஒரு அம்மா. கீழே எழுதியிருந்தது: ‘ரயிலில் அடிபட்டு இறந்த போர்டு ஓவியரின் மனைவி, தையல் கடை நடத்துபவர், சட்டமன்ற உறுப்பினருடன்.’

திரைச்சீலை தைத்த அம்மா அவர்தானா?

அன்றைக்கு அந்த வண்டியை ஓட்டியவன் உன் தம்பி என்று அவருக்குத் தெரியுமா?

தம்பி


மே 24

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். வானம் கருக்கத் தொடங்கிவிட்டது. இந்தத் தடவை மழை சீக்கிரம் வந்துவிடும் என்று பேச்சு. அதற்குள் வாய்க்கால்களைத் தூர்வாரி முடிக்க வேண்டும் என்று நாலு நாளாகச் சேற்றிலேயே நிற்கிறேன். கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்குப் பரிசு கொடுக்கப் போனேன். ஆட்டம் சமன். இரண்டு அணிக்கும் ஒரே கோப்பை. ஆளுக்கு ஒரு காதைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. பிள்ளைகளுக்குப் பை, நோட்டு எல்லாம் வந்து அலுவலகத்தில் உட்காரக்கூட இடமில்லை. புதுத்தாள் வாசனை.

பாலத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். வெளிர்நீலம். கோடை வானத்துக்கு எதிரே பார்த்தால் பாலமே தெரிவதில்லை. ஆட்கள் அந்தரத்தில் நடப்பதுபோல இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 5

தம்பி,

இரண்டு ஜீப் வந்து போயிருக்கும். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, அதனால்தானே?

அவர்தான். அவருக்குத் தெரியாது.

தேர்தல் சமயத்தில் அவர் கடைக்கு வாக்குக் கேட்கப் போனேன். “பாலம் கட்டித் தர்றேன்னு சொல்லுங்க, உங்களோட வந்து மேடையில நிக்கிறேன்” என்றார். நின்றார். ஆறு மேடை. ஒவ்வொன்றிலும், காலையில் சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போன அவருடைய வீட்டுக்காரரின் கதையைச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் உடையும். ஜனங்கள் நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டார்கள். ஓட்டிய டிரைவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். உன்னை இங்கே யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. ஜெயித்தேன்.

பிறகு அவர் திங்கள்தோறும் வந்து உட்கார ஆரம்பித்தார். வரிசையில் நிற்கிறவர்களின் கிழிந்த பை, பட்டன் போன சட்டை, எதையாவது வாங்கித் தைத்துக் கொடுப்பார். மத்தியானம் நானும் அவரும் சேர்ந்து டீ குடிப்போம். இந்த ஊரில் எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி அவர்தான் என்று சொன்னால் நீ என்னைப் பற்றி என்ன நினைப்பாய்?

வேறொன்றும் இருக்கிறது. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குக் கை வராததை நான் எழுதுகிறேன். மூன்று வருஷமாக இரண்டு பேரும் முழங்கால் வலியைப் பற்றியும் லீவைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தது போதும்.

தினமும் காலை ஐந்து நாற்பதுக்கு என் வண்டி உன் வீட்டுக்குப் பின்னால் வளைவில் திரும்பும். நீ மொட்டைமாடியில் நின்று கையை உயர்த்துவாய். வளைவு தொடங்கும் இடத்திலேயே நீ தெரிவாய். உடனே இரண்டு முறை சின்னதாக ஹார்ன் ஊதுவேன். ‘அக்கா, நலமா?’ அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஆறு வருஷம் ஊதினேன். உன் வீட்டைத் தாண்டினால் அந்த ஆளில்லாத கடவுப்பாதை.

அன்றைக்கு வளைவு தொடங்கும்போது மாடியில் நீ இல்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வண்டி உன் வீட்டுக்கு நேரே வந்தபோதுதான் ஓடிவந்து கையை ஆட்டினாய். அப்போது ஊதினேன். ஊதிவிட்டு முன்னால் பார்த்தேன். ஏணி கட்டிய சைக்கிள் பாதையில் ஏறியிருந்தது. அவர் அவசரப்படவே இல்லை அக்கா. வண்டி இன்னும் வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று நினைத்துச் சாவகாசமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்.

விதிப்படி முன்பே நீளமாக ஊத வேண்டிய இடத்தில் ஊதியிருந்தேன். ஆனால் ஊர்க்காரர்கள் அதை நம்பிப் பாதையைக் கடந்ததில்லை. அந்தச் சின்ன ஹார்ன் இரண்டையும்தான் நம்பினார்கள். அது கேட்டால் வண்டி இப்போதுதான் வளைவில் நுழைகிறது, கடந்துவிட நேரமிருக்கிறது என்று கணக்கு. விசாரணையில், “எத்தனை தடவை ஊதுனீங்க?” என்றார்கள். சொன்னேன். யாருக்காக என்று கேட்கவில்லை. என் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளை வாங்கிய அன்றே வேலையை விட்டேன்.

நீ தாமதமாக வந்தாய் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நீ மட்டும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். தெரிந்தும் எழுதாமல் இருந்தேன். அது என் தப்பு.

அந்த அம்மாவிடம் சொல்லிவிடு.

தம்பி


ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

அன்றைக்கு நான் ஏன் தாமதம் தெரியுமா? பால் பொங்கிவிட்டது. அடுப்பைத் துடைத்துவிட்டு ஏறினேன். இத்தனைக்கும் காரணம் இவ்வளவு சின்னதாக இருக்கக் கூடாது என்று நினைத்து நினைத்தே மூன்று வருஷம் போய்விட்டது.

திங்கட்கிழமை மனுக்கள் முடிந்ததும் முத்திரையை அனுப்பிவிட்டு அவரிடம் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. வெளியே முதல் தூறல். திரைச்சீலைகள் ஈரத்தில் கனத்து அசையாமல் தொங்கின. ஒரு சின்னப் பையன் சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நூலோடு துணியில் குத்தி நிறுத்தினார்.

“அந்த ஹார்ன் உங்களுக்கா?” என்றார்.

“ஆமா.”

“ரெண்டு தடவை ஊதினா இன்னும் நேரம் இருக்குன்னு சொல்வாரு. அதை நம்பித்தான் தண்டவாளத்தைக் கடப்பாரு. நல்ல டிரைவர், நேரம் தவறமாட்டான்னு சொல்வாரு.”

பட்டனை விரலால் ஒருதரம் திருப்பினார்.

“ரெண்டு வருஷமா என் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிருக்கீங்க.”

“ஆமா.”

“எப்படி இறங்குச்சு அது தொண்டைல?”

எழுந்து பையை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பினார். “ஆறு மேடையில எங்க வீட்டுக்காரர் கதையைச் சொன்னீங்க. பாதிக் கதைதான் சொல்லியிருக்கீங்க. மீதியையும் மேடையில சொல்லுங்க. எங்கிட்ட மட்டும் ரகசியமாச் சொல்லி உங்க பாரத்தை இறக்கி வச்சுட்டுப் போக முடியாது.”

மழையில் குடையில்லாமல் நடந்து போனார். இருபத்தெட்டாம் தேதி பாலம் திறப்பு. எனக்குப் பயமாக இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. ரொம்ப நாள் கழித்து முகம் கழுவினதுபோல இருக்கிறது.

உன்னைப் பற்றியும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டிவரும். வேண்டாமென்றால் உடனே தந்தி மாதிரி இரண்டு சொல் எழுது.

அக்கா


ஜூன் 25

சொல் அக்கா.

தம்பி


ஜூலை 1

அன்புத் தம்பிக்கு,

உன் இரண்டு சொல்லும் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தன. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

பாலத்தடியில் பந்தல். மழை விட்டு வெளிச்சம் மெல்லியதாக இருந்தது. எல்லாருடைய முகமும் கழுவி வைத்த தட்டுபோலப் பளிச்சென்று தெரிந்தது. அமைச்சர் பேசினார், பொறியாளர் பேசினார். பிறகு நான். எழுதி வைத்த தாளை மடித்துப் பைக்குள் போட்டேன். வழக்கம்போலக் கதையை ஆரம்பித்தேன். ஏணி, சைக்கிள், காலை ஐந்து நாற்பது. வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிறுத்தவில்லை. “அந்த வண்டியை ஓட்டினது என் தம்பி” என்றேன். மாடியைச் சொன்னேன், ஹார்னைச் சொன்னேன், பால் பொங்கியதைச் சொன்னேன். இதை மறைத்துத்தான் உங்களிடம் வாக்கு வாங்கினேன் என்றும் சொன்னேன்.

யாரோ ஒருவர் மட்டும் பின்னாலிருந்து, “இப்ப சொல்லி என்ன பிரயோஜனம்?” என்று கத்தினார். நியாயமான கேள்விதான். மற்றபடி கைதட்டலும் இல்லை, கூச்சலும் இல்லை. அமைச்சர் தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிப்பனை வெட்ட யாரும் எழுந்திருக்கவில்லை. கத்தரிக்கோல் தட்டிலேயே கிடந்தது. அப்போது ஆஸ்பத்திரி வேலைக்கு நேரமாகிவிட்ட ஒரு நர்ஸ், “கொஞ்சம் வழி விடுங்க” என்று சொல்லிக்கொண்டு கூட்டத்தைத் தாண்டிவந்து, ரிப்பனைத் தூக்கிக் குனிந்து நுழைந்து விறுவிறுவென்று படியேறினாள். அவள் பின்னால் ஒருவர், இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் ஊரே மேலே நடந்துகொண்டிருந்தது. வெளிர்நீலப் பாலம் வானத்தோடு கரைந்துபோய் எல்லாரும் காற்றில் நடந்தார்கள். கீழே ஒரு ரயில் போயிற்று. ரிப்பன் வெட்டப்படாமலே கிடந்தது.

தையல்கார அம்மா கடைசி வரிசையில் நின்று முழுவதையும் கேட்டார். பிறகு அவரும் படியேறினார். மெதுவாக, ஒவ்வொரு படியையும் குனிந்து பார்த்துக்கொண்டு. அந்தப் பக்கம் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

கட்சி அலுவலகத்திலிருந்து பேசினார்கள். “உங்களுக்கு இது தேவையாம்மா?” அடுத்த தடவை எனக்கு இடமில்லை என்பதை ரொம்ப மரியாதையாகச் சொன்னார்கள். அத்தான், “அப்பாடா, தக்காளிக்குத் தண்ணி ஊத்த ஆள் கிடைச்சாச்சு” என்றார்.

இன்னும் இரண்டரை வருஷம் பதவி இருக்கிறது. திங்கட்கிழமை மனு நாள் வந்தது. வரிசையில் ஒன்பது பேர்தான். அவர் வரவில்லை.

அக்கா


ஜூலை 14

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? எனக்கு நேற்றிரவு கனவே இல்லாத தூக்கம்.

நேற்று மனு நாளில் தையல்கார அம்மா வந்தார். உட்காரவில்லை. என் பக்கம் பார்க்காமல் முத்திரையிடம் ஒரு தாளை நீட்டினார். எழுத்தர் அவசரத்தில் ரப்பர் ஸ்டாம்பைத் தலைகீழாகக் குத்திவிட்டார். மனுவை அப்படியே கீழே எழுதுகிறேன்.

‘பொருள்: நடைமேம்பாலத்தில் சைக்கிள் ஏறச் சாய்வுப்பாதை வேண்டி.

சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

பாலத்தில் நாற்பத்து நான்கு படிகள் உள்ளன. ஏறிப் பார்த்தேன். ஏணியும் இரண்டு பெயிண்ட் டின்னும் கட்டிய சைக்கிளை இந்தப் படிகளில் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. என் வீட்டுக்காரர் இன்று இருந்தாலும் கீழே தண்டவாளத்தைத்தான் கடப்பார். இன்று காலையிலும் பதினான்கு சைக்கிள்கள் கீழே கடந்தன. நின்று எண்ணினேன். எனவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும்படியாக இரண்டு பக்கமும் சாய்வுப்பாதை அமைத்துத் தர வேண்டுகிறேன்.

நகல்: அன்று ரயில் ஓட்டியவருக்கு.’

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். “மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க” என்றார். “நெனச்சுக்கல” என்றேன். “வேலை ஆகணும்” என்றார். “ஆகும்” என்றேன். போய்விட்டார்.

நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். என்ன செய்வாயோ தெரியாது. உனக்கு வந்தது, அனுப்பிவிட்டேன்.

அக்கா


ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

நகல் கிடைத்தது. அன்று முழுவதும் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பம்பு ஓட்டினேன்.

மறுநாள் காவலாளியிடம் சைக்கிளை இரவல் வாங்கினேன். நிலையத்து மூங்கில் ஏணியை அதில் கட்டி, இரண்டு டின்னில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு, ஏரிக்கரை மேட்டில் மூன்று விதச் சரிவில் தள்ளி ஏற்றிப் பார்த்தேன். மூடுபனி. சக்கரம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. காவலாளிக்கு என் புத்தி மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் மூன்றாவது தடவை அவரே பின்னால் பிடித்துத் தள்ளினார்.

நீ பொறியாளரிடம் சொல்ல வேண்டியது இது. பத்தடி நீளத்துக்கு ஓரடி உயரம் என்றால் ஏறவே முடியவில்லை. பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் பாதியில் மூச்சு வாங்குகிறது. பதினைந்துக்கு ஒன்று சரியாக இருக்கிறது. நடுவே இரண்டு இடத்தில் சமதளம் வேண்டும், நின்று இளைப்பாற. முக்கியமாகத் திருப்பங்கள். நிலையத்து மூலையில் திருப்பிப் பார்த்தேன், பத்தடி ஏணி செங்கோணத் திருப்பத்தில் சுவரில் இடிக்கிறது. திருப்பத்தை அகலமாக, வளைவாக வைக்கச் சொல். வரைபடத்தில் இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. சைக்கிளைப் பிடித்துத் தள்ளினால்தான் தெரியும்.

லீவு கிடைத்துவிட்டது. கேட்டதும் கொடுத்தார்கள். இத்தனை நாள் நான் கேட்கவே இல்லை அக்கா. அடுத்த திங்கட்கிழமை காலை வந்துவிடுவேன். என்னை அழைக்க ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். நேரே உன் அலுவலகத்துக்கு வந்து வரிசையில் நிற்கிறேன். எத்தனையாவது ஆளாக இருந்தாலும் சரி, என் முறை வரும்போது கூப்பிடு. அந்த அம்மாவையும் வரச் சொல்லியனுப்பு. வந்தாலும் வராவிட்டாலும் அளவுகளை எழுதிக் கையில் கொண்டுவருகிறேன்.

தம்பி